நகரம் வருகிறதாம், பஸ் எப்போது வரும்?

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கூரம் கிராமம். ராமானுஜரின் சீடரான கூரத்தாழ்வான் பிறந்த ஊர். செல்வச் செழிப்பில் வாழ்ந்த அவருடைய மாளிகைக் கதவை இரவில் சாத்தும் சத்தம், காஞ்சி வரதராஜர் கோயில் வரை கேட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை கதையாகவே இருக்கட்டும். பெரிய வீட்டுக் கதவின் சத்தம் அன்று அவ்வளவு தூரம் கேட்டதாம். ஆனால் அதே வட்டாரத்தில் நாற்று நடுகிற பெண்ணும், பாவு நீட்டுகிற நெசவாளியும், ஷிப்டுக்கு ஓடுகிற ஆலைத் தொழிலாளியும் சொல்கிற சொல் இன்றும் சென்னைக் கோட்டை வரை கேட்பதில்லை.

இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இப்போது வந்திருக்கிறது. காஞ்சிபுரம் ஜில்லாவையும் அதன் அக்கம்பக்கத்தையும் பற்றிப் பெரிய பெரிய திட்டங்கள் அறிவிக்கப்பட்டுவிட்டன. 2022 ஆகஸ்டு மாதம் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் என்றார்கள். 13 கிராமங்களைத் தொட்டு, 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும் என்றார்கள். பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை சுமார் 53 கிலோமீட்டர் மெட்ரோ ரயில் என்று திட்ட அறிக்கை தயாரித்தார்கள். 2025 மார்ச் மாத பட்ஜெட்டில், சென்னைக்கு அருகே 2,000 ஏக்கரில் உலகத் தரத்தில் ஒரு புது நகரம் என்று அறிவித்தார்கள். இந்த மாதிரித் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்ப்பலகை மாட்டப்படுகிறது. பசுமை நகரம், நீடித்து நிற்கும் நகரம், கரிப்புகை இல்லாத போக்குவரத்து என்பதே அந்தப் பலகை.

நகரமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. புகை குறைய வேண்டும் என்பதில் உழைக்கும் மக்களை விட அக்கறை உள்ளவர் யாரும் இருக்க முடியாது. கரியமில வாயு வானத்தில் சேரச் சேர பூமி சூடாகிறது. அந்தச் சூட்டை முதலில் வாங்குவது யாருடைய தலை? உச்சி வெயிலில் களை எடுக்கிறவளின் தலை. தகரக் கூரையின் கீழ் கொதிகலன் பக்கத்தில் நிற்கிறவனின் தலை. 2015 டிசம்பரில் பெருமழை கொட்டியபோது அடையாற்றங்கரையில் யாருடைய குடிசைகள் முதலில் அடித்துச் செல்லப்பட்டன என்பதை நாடே பார்த்தது. ஆகவே புகையைக் குறைப்பது ஏதோ படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. அது நம்முடைய பிரச்னை. அதனாலேயே சில கேள்விகளைக் கேட்க நமக்கு முதல் உரிமை உண்டு.

புகை யாருடையது?

உலகில் எரிபொருளை எரிப்பதால் வரும் கரியமில வாயுவில் சுமார் நான்கில் ஒரு பங்கு, ஆளையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் வாகனங்களிலிருந்து வருகிறது. சரி, அந்த வாகனங்களில் ஏறிப் போகிறவர்கள் யார்?

2011ஆம் வருஷத்து ஜனக்கணக்கெடுப்பில், விவசாயத்தையும் வீட்டுத் தொழிலையும் தவிர்த்த ஏனைய வேலைகளுக்குப் போகிறவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று ஒரு கணக்கு வெளியாயிற்று. இந்தியா முழுவதிலும் நூற்றுக்குச் சுமார் 23 பேர் நடந்தே வேலைக்குப் போனார்கள். சுமார் 13 பேர் சைக்கிளில் போனார்கள். சுமார் 11 பேர் பஸ்ஸில் போனார்கள். காரில் போனவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் கூட இல்லை. விவசாயக் கூலித் தொழிலாளியும், வீட்டிலேயே தறி போட்டு நெய்கிற நெசவாளியும் அந்தப் பட்டியலில் சேரவே இல்லை. அவர்களையும் சேர்த்துக்கொண்டால், புகையே இல்லாமல் வேலைக்குப் போகிறவர்களின் தொகை இன்னும் எவ்வளவு கூடும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒரு லிட்டர் டீசலில் பஸ் சுமார் 5 கிலோமீட்டர் ஓடும். அதில் 50 பேர் உட்கார்ந்திருந்தால், அந்த ஒரு லிட்டர் 250 கிலோமீட்டர் மனிதப் பயணத்தைக் கொடுக்கிறது. ஒரு கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரே ஆள் போனால் 15 கிலோமீட்டர். இரண்டு பேர் போனால் 30. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் இரண்டரைக் கிலோவுக்கும் அதிகமான கரியமில வாயு வெளியாகிறது. அது பஸ்ஸில் எரிந்தாலும் ஒன்றுதான். காரில் எரிந்தாலும் ஒன்றுதான். பஸ்ஸில் போகிறவரின் பங்குக்கு வரும் புகையைப் போலப் பதினாறு மடங்கைக் காரில் தனியே போகிறவர் ஊதிவிட்டுப் போகிறார்.

ஆகவே விஷயம் தெளிவு. நடந்து போகிறவனும், சைக்கிள் மிதிக்கிறவனும், பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறவளும் ஏற்கெனவே பசுமையாகத்தான் வாழ்கிறார்கள். அவர்களுக்கு யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. நடக்க நிழலான பாதை, சைக்கிளுக்கு லாரி மோதாத வழி, நேரத்துக்கு வரும் பஸ், அதில் உட்கார ஓர் இடம் - இவற்றைத்தான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இதைக் கொடுக்காததால் என்ன நடக்கிறது? பஸ்ஸை நம்பி ஷிப்டை இழந்த தொழிலாளி, தவணைக் கடனில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிவிடுகிறான். கூலியில் ஒரு பகுதி வட்டிக்கும், இன்னொரு பகுதி பெட்ரோலுக்கும் போகிறது. பிறகு, ஜனங்கள் வாகனமோகம் பிடித்து அலைகிறார்கள் என்று அவனையே குறை கூறுகிறார்கள்!

மின்சாரக் கார் மட்டும் போதுமா?

இதற்குக் கனவான்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. எல்லாரும் மின்சாரக் காருக்கு மாறிவிட்டால் புகை தீர்ந்தது என்கிறார்கள். மின்சார வண்டி ஓடும் தெருவில் புகை இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்தே வருகிறது. தியாகராய நகர் தெருவில் புகை குறைந்து எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் சேர்ந்தால், புகை தீர்ந்துவிடவில்லை. பணக்காரர் தெருவிலிருந்து மீனவர் குப்பத்துக்கு இடம் மாறியிருக்கிறது. காற்றாலைகளில் தமிழ்நாடு முன்னணியில் நிற்கிறது என்பது பெருமைக்குரியது. அந்தக் காற்று மின்சாரம் முதலில் யாருக்குப் போக வேண்டும்? ஒரே ஆளைச் சுமந்துகொண்டு போகும் காருக்கா, ஐம்பது பேரைச் சுமக்கும் பஸ்ஸுக்கும் ஆயிரம் பேரைச் சுமக்கும் ரயிலுக்குமா?

காரில் எதை ஊற்றி ஓட்டினாலும், அது அடைக்கும் சாலை அவ்வளவுதான். அதற்கு வேண்டிய நிறுத்துமிடம் அவ்வளவுதான். நாலு வழிச் சாலையை எட்டு வழியாக்க எடுக்கப்படும் வயலும் அவ்வளவுதான்.

பஸ்ஸும் மின்சாரத்துக்கு மாறட்டும். அதை வரவேற்கிறோம். 2025 ஜூன் 30ஆம் தேதி வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தள பஸ்கள் புறப்பட்டன. ஊனமுற்றவரும் முதியவரும் சிரமமின்றி ஏறக்கூடிய பஸ்கள் அவை. நல்ல காரியம். ஆனால் அதற்குள்ளே ஒரு புது ஏற்பாடு நுழைந்திருக்கிறது. பஸ்ஸும் டிரைவரும் தனியார் கம்பெனியுடையவை. கண்டக்டர் மட்டும் போக்குவரத்துக் கழகத்தின் ஆள். ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கம்பெனிக்குக் கழகம் பணம் கட்டுகிறது. புகை போவது சரி. அதோடு டிரைவரின் நிரந்தர வேலையும் பென்ஷனும் சேர்ந்து போக வேண்டுமா? பசுமை என்ற பெயரால் பொதுச் சொத்தைத் துண்டுதுண்டாகக் கான்டிராக்ட் விடுவதைத் தொழிலாளி எப்படி ஏற்றுக்கொள்வான்?

நம்மிடம் இருந்தது, நம்மிடமிருந்து போனது

கரிப்புகை குறைந்த போக்குவரத்து என்பது வெளிநாட்டு நிபுணர் வந்து கற்றுத்தர வேண்டிய விஷயம் அல்ல. அரக்கோணத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது 1865ஆம் வருஷத்தில். நெசவாளர் நகரத்துக்கு ரயில் வந்து 160 ஆண்டுகள் ஆகிவிட்டன. சென்னைத் தெருக்களில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895 மே மாதத்தில். இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். துறைமுகக் கூலியும், ஆலைத் தொழிலாளியும், காரியாலயக் குமாஸ்தாவும் அதில் போனார்கள். 1953 ஏப்ரலில் டிராம் நின்றது. ஏன்? நஷ்டம் என்று கம்பெனி கையை விரித்தது. ஜனங்களுக்கு அது வேண்டாம் என்று ஆகிவிடவில்லை. கம்பெனிக்கு லாபம் இல்லை என்று ஆகிவிட்டது. லாபத்துக்காக ஓடிய வண்டி, லாபம் நின்றதும் நின்றது.

அதற்கு நேர்மாறான பாடமும் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் தனியார் பஸ் முதலாளிகளின் தடங்கள் பல தேசியமயமாயின. 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன் என்ற பெயர்களில் சர்க்கார் போக்குவரத்துக் கழகங்கள் ஓடத் தொடங்கின. லாபம் தராது என்று முதலாளி எட்டிப் பார்க்காத கிராமங்களுக்கும் பஸ் போயிற்று. விவசாயக் கூலியின் மகள் உயர்நிலைப் பள்ளிக்கூடம் போனாள் என்றால், அந்த டவுன் பஸ்ஸுக்கு அதில் பங்கு உண்டு. 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று உத்தரவு வந்தது. அதனால் ஒரு பெண் மாதத்துக்குச் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறாள் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொல்லிற்று. நடவுக்கும் சித்தாள் வேலைக்கும் போகிற பெண்ணுக்கு அது இரண்டு நாள், மூன்று நாள் கூலி. புகையையும் குறைத்து, வயிற்றையும் நிரப்புகிற திட்டம் என்றால் இதுவல்லவா? ஆனால் கட்டணம் இல்லாத பஸ்ஸைக் குறைத்துக் கட்டணம் உள்ள பஸ்ஸைக் கூட்டினால், சலுகை காகிதத்தில் இருக்கும். பெண்கள் நிறுத்தத்தில் இருப்பார்கள். கட்டணம் எவ்வளவு என்பது பாதிக் கேள்வி. பஸ் எத்தனை என்பதே மீதிக் கேள்வி.

காருக்கு ரயில், தொழிலாளிக்கு?

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வட்டாரத்தைப் பாருங்கள். இந்தியாவின் கார்த் தொழிலில் பெரும் பங்கு இங்கே நடக்கிறது. வடநாட்டுக்குப் போகும் கார்கள் வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் ரயிலேறுகின்றன. காரைச் செய்த தொழிலாளிக்கோ, ஸ்ரீபெரும்புதூரில் ரயில் நிலையமே கிடையாது. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ஒரு ரயில் பாதை என்று பத்தாண்டுகளுக்கு மேலாகப் பேசப்பட்டது. பேச்சுத்தான் ஓடியது. ஆயிரக்கணக்கானவர்கள் கம்பெனி பஸ்களில் பல மைல் அலைந்து ஷிப்டுக்கு வந்து போகிறார்கள். எட்டு மணி நேர வேலை, பயணத்தோடு சேர்ந்து பத்தாகிறது, பன்னிரண்டாகிறது. அந்தப் பயண நேரத்துக்குக் கூலி உண்டா? கிடையாது.

தூரத்திலிருந்து வந்த பெண் தொழிலாளர்கள் விடுதிகளில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு கெட்டுப் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, அவர்களுடைய தோழிகள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். நகர அமைப்பு என்பது சாலையும் விளக்கும் மட்டும் அல்ல என்பதை அந்தப் பெண்கள் நாட்டுக்கு எடுத்துக் காட்டினார்கள். தொழிற்சாலைக்கு நிலம் ஒதுக்கியவர்கள், அதில் வேலை செய்பவர்கள் குடியிருக்க நிலம் ஒதுக்கினார்களா? வேலை ஒரு பக்கம், வீடு முப்பது மைலுக்கு அப்பால் என்று நகரத்தை அமைத்துவிட்டு, பிறகு போக்குவரத்துப் புகையைக் குறைக்கக் கமிட்டி போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வதைப் போன்றது. வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே, தொழிலாளி கொடுக்கக்கூடிய வாடகையில் வீடு இருந்தால், அந்தப் பயணமே இல்லை. அந்தப் புகையும் இல்லை.

தண்ணீர் முதலில், தெரு பிறகு

கூரத்தில் கிடைத்த செப்பேடு ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் பரமேசுவரவர்மப் பல்லவன் வெளியிட்டது. பரமேசுவரமங்கலம் என்று ஓர் ஊரைத் தானமாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. அந்த ஊருக்குத் தண்ணீர் எப்படி வரும் என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டி, பரமேசுவர தடாகம் என்ற ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மன்னராட்சிக் காலத்து ஏற்பாடு அது. பங்குகள் கோயில் பணி செய்தவர்களுக்கும் வேதம் ஓதியவர்களுக்கும் போயின. கால்வாய் வெட்டியவனுக்குப் பங்கு எழுதப்படவில்லை. அந்த அநியாயத்தை நாம் போற்றவில்லை. ஆனால் ஊர் அமைக்கிறவன் தண்ணீரை முதலில் நினைக்க வேண்டும் என்ற அறிவு 1,300 வருஷங்களுக்கு முன் இருந்தது.

இன்று? காஞ்சிபுரம் ஜில்லா ஏரிகளின் ஜில்லா. ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழிந்து, சங்கிலியாகத் தண்ணீர் போகிறது. பரந்தூர்த் திட்டத்துக்காகக் குறிக்கப்பட்ட நிலத்தில் ஏரிகள் இருக்கின்றன; பாலாற்றுத் தண்ணீரை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொண்டுபோகும் கம்பன் கால்வாய் இருக்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை மண் போட்டு மூடினால், மேலே இருக்கும் வயலுக்கு வெள்ளம். கீழே இருக்கும் வயலுக்கு வறட்சி. கடைசியில் அந்த வெள்ளம் சென்னைக்கே போய்ச் சேரும். கட்டடத்தின் கூரையில் சூரிய மின்தகடு பதித்துவிட்டால் விமான நிலையம் பசுமை ஆகிவிடுமா? ஓடுபாதையிலிருந்து எழும் விமானம் எரிப்பது மண்ணெண்ணெய் வகை எரிபொருள்தான். ஏரியை மூடி, வயலை மூடி, மேலே ஒரு மரக்கன்று நட்டு அதற்குப் பசுமை என்று பெயர் வைப்பது பச்சைப் பொய்.

வெளியூர்ப் பாடங்கள்

வளைகுடாவில் அபுதாபிக்காரர்கள் 2006இல் மஸ்தார் என்று ஒரு நகரத்தை அறிவித்தார்கள். கரிப்புகையே இல்லாத நகரம். டிரைவர் இல்லாத சிறு மின்வண்டிகள் தரைக்கு அடியில் ஓடும். சுமார் 50,000 பேர் குடியிருப்பார்கள். 2016க்குள் முடிந்துவிடும் என்றார்கள். எண்ணெய்ப் பணம் வேண்டிய மட்டும் இருந்தது. குறித்த வருஷம் வந்தபோது நகரத்தின் சிறு பகுதிதான் கட்டப்பட்டிருந்தது. நகரம் முழுவதும் ஓட வேண்டிய சிறு வண்டித் திட்டம் பாதியில் கைவிடப்பட்டது. ஜனங்கள் இல்லாத இடத்தில் எந்திரத்தை வைத்து நகரம் செய்ய முடியாது என்பதே அதன் பாடம்.

பக்கத்தில் ஆந்திராவின் அமராவதி இருக்கிறது. 2015 முதல் 29 கிராமங்களின் விவசாயிகளிடம் 30,000 ஏக்கருக்கு மேல் நிலம் திரட்டினார்கள். 2019இல் ஆட்சி மாறிற்று, வேலை நின்றது. 2024இல் மறுபடியும் ஆட்சி மாறிற்று, வேலை தொடங்கிற்று. நிலம் கொடுத்தவனுக்கு மனை என்று ஒரு காகிதமாவது கிடைத்தது. அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவனுக்கு மாதம் 2,500 ரூபாய் உதவித்தொகை என்றார்கள். வருஷம் முழுவதும் மூன்று போகம் விளைந்த மண்ணில் கிடைத்த வேலைக்கு அது ஈடாகுமா?

இவற்றுக்கு மாறாக ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவைப் பாருங்கள். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு அங்கே நகராட்சி தொழிலாளர் பிரதிநிதிகளின் கைக்கு வந்தது. பணக்காரர்களின் வீடுகள் மீது வரி போட்டு, அந்தப் பணத்தில் தொழிலாளர் குடியிருப்புகள் கட்டினார்கள். 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,382 வீடுகள். அதன் எதிரிலேயே ரயில் நிலையம். வீட்டு வாசலில் ரயில் இருந்தால் காருக்கு என்ன வேலை? அங்கே 2012இல், நகரப் பஸ், டிராம், ரயில் எல்லாவற்றுக்கும் சேர்த்து வருஷ டிக்கெட் 365 யூரோ, அதாவது நாளுக்கு ஒரு யூரோ என்று வைத்தார்கள். நூறு வருஷமாக வீட்டையும் வண்டியையும் பொதுச் சொத்தாக வைத்துக் காத்ததால்தான் அது முடிந்தது. புது எந்திரம் எதுவும் அங்கே அற்புதம் செய்துவிடவில்லை.

யார் தீர்மானிப்பது?

நமது ஜில்லாவில் உத்திரமேரூர் இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் வருஷங்களில் வெட்டிய கல்வெட்டுகளில் குடவோலை முறை எழுதப்பட்டிருக்கிறது. ஜனநாயகத்தின் தொட்டில் என்று மந்திரிகள் மேடை தோறும் பெருமை பேசுகிறார்கள். அந்தக் கல்வெட்டை முழுதும் படித்துப் பாருங்கள். குடத்தில் பெயர் போட வேண்டுமானால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் குடத்தில் ஓலை இல்லை.

ஆயிரத்து நூறு வருஷங்களுக்குப் பிறகு வயது வந்த அனைவருக்கும் ஓட்டு வந்துவிட்டது. கிராம சபையும் வந்துவிட்டது. ஆனால் நடப்பு என்ன? பரந்தூர்த் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். வேலை முடிந்து வந்து இரவுகளில் கூடிக் கூடிப் போராடினார்கள். 2024 ஏப்ரல் பார்லிமெண்ட் தேர்தலில் ஊரே ஓட்டுச் சாவடிக்குப் போகாமல் இருந்தது. அதற்கு அடுத்த வருஷம், 2025 ஏப்ரலில், மத்திய சர்க்கார் திட்டத்துக்குக் கொள்கையளவில் சம்மதம் கொடுத்தது. குடத்தில் ஓலை போட மட்டும் உரிமை. ஓலையைப் படிக்க ஆள் இல்லை!

விவசாயத் தொழிலாளர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நஷ்ட ஈடு என்றாலே பட்டாதாருக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். 2013ஆம் வருஷத்து நிலம் எடுப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நிலம் எடுப்பதற்கு முன் மூன்று வருஷங்கள் அந்த இடத்தை நம்பிப் பிழைத்த கூலித் தொழிலாளி, குத்தகைதாரர், வாரதாரர், கைவினைஞர் ஆகியோரின் குடும்பங்களையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றே அது கூறுகிறது. அப்பேர்ப்பட்ட குடும்பங்கள் எத்தனை என்று சமூகப் பாதிப்பு ஆய்வு நடத்த வேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால் தமிழ்நாட்டில் தொழில் நோக்கங்களுக்கு நிலம் எடுக்க 1997ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. அதற்கு 2019இல் சட்டசபை மறுபடி உயிர் கொடுத்தது. அந்தக் குறுக்கு வழியில் போனால் சமூகப் பாதிப்பு ஆய்வு என்ற கட்டத்தையே தாண்டிவிடலாம். ஆய்வு இல்லை என்றால் கூலிக்காரன் கணக்கிலேயே வரமாட்டான். கணக்கில் வராதவனுக்கு ஈடு ஏது?

நாம் கோருவது என்ன?

வெறுமனே எதிர்த்துவிட்டு நிற்பது நமது வழக்கம் அல்ல. புகை குறைந்த நகரத்துக்கு உழைக்கும் மக்களின் திட்டம் இது:

1. முதலில் பஸ். ஒவ்வொரு கிராமத்துக்கும் அதிகாலையிலும், ஷிப்டு மாறும் நேரத்திலும், இரவிலும் சாதாரணக் கட்டண டவுன் பஸ் வேண்டும். புதிய மின்சார பஸ்களைக் கழகமே சொந்தமாக வாங்கி, நிரந்தரத் தொழிலாளரைக் கொண்டு ஓட்ட வேண்டும். பெண்களின் கட்டணமில்லாப் பயணத்தில் கை வைக்கக் கூடாது.

2. செங்கல்பட்டு - காஞ்சிபுரம் - அரக்கோணம் ரயில் பாதையை இரட்டைப் பாதையாக்கி, ஷிப்டு நேரத்துக்கு ரயில் விட வேண்டும். ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் பாதை போட வேண்டும். விமானப் பயணிக்கு மெட்ரோ என்பதற்கு முன்னால் ஆலைத் தொழிலாளிக்கு ரயில் என்பது வர வேண்டும்.

3. தொழிற்பேட்டைச் சாலைகளில் சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் தனிப் பாதை, நிழல் மரம், விளக்கு வேண்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கற்றவளுக்கு இன்று பயமின்றி ஓட்ட வழி இல்லை என்பது வெட்கக்கேடு.

4. தொழிற்சாலைக்கு நிலம் ஒதுக்கும்போதே, தொழிலாளர் வீடுகளுக்கும் நிலம் ஒதுக்கி, பொது நிதியில் வாடகை வீடுகள் கட்ட வேண்டும்.

5. ஏரியும் கால்வாயும் எந்தத் திட்டத்துக்கும் மூடப்படக் கூடாது.

6. நிலமற்ற தொழிலாளியையும் கணக்கில் எடுக்கும் சமூகப் பாதிப்பு ஆய்வு இல்லாமல் ஓர் அங்குல நிலமும் எடுக்கப்படக் கூடாது. கிராம சபையின் தீர்மானம் கட்டுப்படுத்த வேண்டும்.

இவற்றில் ஒன்றாவது முடியாத காரியமா? எட்டு வழிச் சாலைக்கும் மேம்பாலத்துக்கும் பணம் கிடைக்கிறபோது பஸ்ஸுக்குப் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எதற்கு முதலிடம் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் பட்ஜெட்டில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது நம்முடைய ஒற்றுமையில்தான் இருக்கிறது.

ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் வேறு வேறு ஆட்கள் அல்ல. அண்ணன் ஒரகடத்தில் ஷிப்டு, தம்பி ஏரிக்கரையில் உழவு, அண்ணி நடவு, அம்மா தறியில். ஒரே குடும்பம், ஒரே பஸ் நிறுத்தம். ஆலையில் இருப்பவன் வயல் போவதைத் தன் பிரச்னையாக எடுக்க வேண்டும். வயலில் இருப்பவள் ஷிப்டு ரயிலைத் தன் கோரிக்கையாகப் பேச வேண்டும். அடுத்த கிராம சபையில் இந்த ஆறு கோரிக்கைகளையும் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். எத்தனை பஸ் வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை நாள் வராமல் போகிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு மாதம் குறித்து வையுங்கள். நிலமற்ற குடும்பங்கள் எத்தனை, அவர்கள் எந்த வயலை நம்பிப் பிழைக்கிறார்கள் என்று நீங்களே கணக்கெடுத்து, ரேஷன் கார்டும் வேலை அட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கார் எடுக்காத கணக்கை ஜனங்கள் எடுக்கலாம்.

கூரத்துப் பெரிய வீட்டுக் கதவின் சத்தம் காஞ்சி வரை கேட்டதாம். கூரமும், ஏகனாபுரமும், ஒரகடமும், உத்திரமேரூரும் ஒரே குரலில் பேசினால், அது கோட்டைக் கதவையும் தட்டும். புகை இல்லாத நகரம் வரட்டும். அதன் முதல் பஸ், முதல் ரயில், முதல் வீடு நடந்து நடந்து கால் தேய்ந்தவனுக்கு என்று எழுதப்படட்டும். அதற்குக் குறைந்த எதையும் ஏற்க மாட்டோம் என்று சொல்ல உழைக்கும் மக்கள் முன்வர வேண்டும்.